தாடி வாரிவிடப்பட்ட ஆடு

சர்க்கரைக்கு ஒன்று, ரத்த அழுத்தத்துக்கு ஒன்று என்று மாத்திரைகளைக் கிழமை வாரியாகப் பிரித்து வைத்திருக்கும் என் வயதுக்காரர்களே, இதை உங்களிடம்தான் சொல்ல முடியும். இளையவர்களிடம் சொல்லிப் பார்த்தேன். "ஏன் யாரும் போலீஸைக் கூப்பிடலை?" என்று கேட்டார்கள். எழுபதுகளின் கடைசியில், கொச்சியின் மட்டாஞ்சேரியில், காயலைப் பார்த்து முடியும் ஒரு சந்துக்குள் வளர்ந்தவனுக்குப் போலீஸ் என்பது வேறு ஜில்லாவின் சங்கதி. எங்களுக்கு வாய்த்த போலீஸ் ஒரு நாய். அதற்கும் மூக்கு வேலை செய்யாது.

காரணம் எங்கள் குடும்பத் தொழில். அப்பா விருதுநகரிலிருந்து வற்றல் மிளகாய் வரவழைத்துக் கொச்சியில் விற்றுக் கொடுக்கும் கமிஷன் வியாபாரி. முன்னால் கிடங்கு, பின்னால் வீடு. நாய் கிடங்கிலேயே பிறந்து, மிளகாய்ச் சாக்குகளின் மேலேயே தூங்கி வளர்ந்தது. கருவாட்டுத் தலையை முகத்துக்கு நேரே நீட்டினாலும் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டுதான் வாயைத் திறக்கும். அந்த நாயைத்தான் அக்கா துப்பறியும் படைக்குத் தலைவராக நியமித்தாள்.

அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவள். படை என்பது அவளுடைய யோசனை. மிளகாய் லாரி டிரைவரின் இருக்கைக்கு அடியில் எங்களுக்காக ஒரு சிறுவர் பத்திரிகை வந்து சேரும். அதில் காட்டு விலங்குகள் துப்பறியும் தொடர் ஒன்று. பள்ளியில் எங்களுக்கு மலையாளம்தான். எனக்குத் தமிழ் எழுத்து பிடிபட்டதே அந்தத் தொடரில். அதனால் 'தடயம்', 'சந்தேக நபர்' என்பதையெல்லாம் பிழையில்லாமல் எழுதுவேன். 'கத்தரிக்காய்' எழுதச் சொன்னால் திணறுவேன்.

தொடரில் நரியும் கரடியும் இருந்தன. எங்கள் சந்தில் கிடைத்ததை வைத்து அக்கா ஒப்பேற்றினாள். நாய் தலைவர். புளிக் கிடங்கின் பூனை ஒற்றர். சதா புளியில் நடந்து, போகிற இடமெல்லாம் பழுப்பாகக் கால்தடம் பதித்துவிட்டுப் போகும் ஒற்றர். தோணிக்காரர் வளர்த்த வாத்து கான்ஸ்டபிள். காரணமே இல்லாமல் கத்தும் தகுதி அதற்கு இருந்தது. நான் இவர்களுக்குக் கீழே ஏதோ ஒரு பதவியில் இருந்தேன். எங்கள் வீட்டு ஆட்டுக்கு மட்டும் பதவி இல்லை. கடைசியில் அதற்குப் பதவி கிடைத்தபோது, சந்தேக நபராகத்தான் கிடைத்தது.

ஆடு வந்தது தம்பிக்காக. பிறந்து சில மாதம். அம்மாவிடம் பால் போதவில்லை. பசும்பால் கொடுத்தால் திருப்பித் தந்துவிடுவான். வைத்தியர் ஆட்டுப்பால் என்றார். மட்டாஞ்சேரி ஆடுகளை யாரும் மேய்ப்பதில்லை என்பது உங்களில் அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். காலையில் அவிழ்த்து விட்டால் அவை பஜாரெல்லாம் சுற்றி, இஞ்சித் தோல், கோணிநார், சுவரொட்டி என்று தின்று, இருட்டுவதற்குள் அவரவர் வீட்டுக்கு வந்துவிடும். ஊரில் ஒழுங்காக வீடு திரும்பும் ஜீவன்கள் அவை மட்டுமே என்று அம்மா அப்பாவுக்குக் கேட்கிற மாதிரிச் சொல்வாள்.

அந்த வேனல் விடுமுறையில் ஒரு சாயங்காலம், ஆடு காலி மடியோடு வந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

"எந்தக் கையில போய்க் கறக்கக் கொடுத்துட்டு வந்து நிக்கறே?" என்று அம்மா ஆட்டின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். உள்ளே தம்பி அழுதுகொண்டிருந்தான். அழக்கூடத் தெம்பில்லாமல், பூனைக்குட்டி மாதிரி.

"கட்டிப் போடுங்கறேன்," என்றார் அப்பா.

கட்டிப் போட்டோம். பகல் முழுதும் கத்தியது. சாயங்காலம் கறக்க உட்கார்ந்த அம்மாவின் பாத்திரத்தை உதைத்துத் தள்ளியது. மடியில் இருந்த பாலை ஒரு சொட்டு இறக்கவில்லை. அவிழ்த்து விட்டால்தான் அமைதியானது.

சந்து ஆளுக்கொரு முடிவுக்கு வந்தது. சாரைப்பாம்பு காலைச் சுற்றிக்கொண்டு குடித்துவிடும் என்றார் தையல்காரர். அப்பாவுக்கு எதிர்த்த சாயாக்கடைச் சேட்டன் மேல் சந்தேகம். ஒரு வாரம் அங்கே போய் உட்கார்ந்து, ஒவ்வொரு மடக்கையும் வாயில் வைத்து யோசித்தார்.

"எந்தா மொதலாளி, என்டெ சாயாயில் ஆடு கரயுன்னுண்டோ?" என்று சேட்டன் கேட்டுவிட்டார். சாயாவுக்குள் ஆடு கத்துகிறதா என்று. கடை சிரித்தது. அப்பா மிச்சச் சாயாவையும் குடித்துவிட்டு எழுந்து வந்தார். மிளகாய் நாய்க்குச் செய்ததை அவருக்கும் செய்திருந்தது. ஆட்டு வாடையையும் மாட்டு வாடையையும் அவரால் பிரிக்க முடியாது.

இதுவரை இது வெறும் திருட்டு. அதற்கப்புறம் ஒரு நாள் ஆடு வந்தபோது, அதன் தாடி வாரிவிடப்பட்டிருந்தது.

உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கும் இப்போது வருகிறது. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. எண்ணெய் தடவி, சிக்கெடுத்து, நடுவில் வகிடு பிரித்து, இரண்டு பக்கமும் படிய வாரிய தாடி. ஆடு அதை வைத்துக்கொண்டு எங்களை ஒரு மாதிரி அமைதியாகப் பார்த்தது. பாம்பு தாடி வாராது. சாயாக்கடைச் சேட்டனுக்குத் தன் தலையை வாரவே நேரமில்லை.

அதற்கு இரண்டொரு நாள் கழித்து, இரண்டு கொம்புக்கும் நடுவே, கொஞ்சம் இடது பக்கமாக, ஒரு கறுப்புப் பொட்டு. திருஷ்டிப் பொட்டு. அம்மா லாந்தரைத் தூக்கிப் பார்த்தாள். முந்தானையால் பொட்டை அழுத்தித் துடைத்துவிட்டு, எங்கள் இருவரையும் உள்ளே இழுத்துக் கதவைத் தாழிட்டாள். அன்றிலிருந்து அவள் ஆட்டைத் திட்டுவதை நிறுத்தினாள். அது திட்டைவிடப் பயமாக இருந்தது.

பொட்டுக்குச் சொந்தக்காரியைச் சந்தில் எல்லோருக்கும் தெரியும். அவள் செத்துப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது.

எங்கள் சந்து காயலில் முடியும் இடத்தில் ஒரு பெரிய வீடு. அந்தக் குடும்பம் கப்பலேறி வெளிநாட்டுக்கே குடிபோய்விட்டது. சாவி ஒரு தரகரிடம். அந்த வீட்டில் பிள்ளை வளர்த்தவள் ஆயா. நாகர்கோவில் பக்கத்துக்காரி, சின்ன வயதில் வந்தவள். சந்துப் பெண்கள் இஞ்சி காயப்போடப் போகும்போது தங்கள் பிள்ளைகளையும் அவளிடமே விட்டுப்போவார்கள். கூட்டிவரும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் நெற்றியில் இடது பக்கமாக அந்தப் பொட்டு இருக்கும். எனக்கும் அக்காவுக்கும் வைத்திருக்கிறாள். குடும்பம் கப்பலேறிய வாரம் ஆயா காய்ச்சலோடு பள்ளுருத்திப் பக்கம் ஒரு தர்மாஸ்பத்திரியில் கிடந்தாள். பிறகு அவள் செத்துப்போனதாகத் தகவல் வந்தது. யாரும் போகவில்லை. எங்கள் வீட்டிலும்தான், அன்றைக்கு லாரி வரும் நாள்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து, தையல்காரர் பெண்டாட்டி அந்தி நேரத்தில் காயல் படிக்கட்டில் ஆயாவைப் பார்த்து மயங்கி விழுந்தாள். விளக்கு வைத்தபின் அந்தப் பக்கம் போவது அத்தோடு நின்றது.

அந்த வீட்டு மதிலில் ஒரு மாடம் உண்டு. கப்பிரி முத்தப்பன் மாடம். போர்த்துக்கீசியர் ஊரைவிட்டு ஓடும்போது புதையலுக்குக் காவலாக அடிமை ஒருவரைக் கொன்று சுவரில் வைத்துக் கட்டிவிட்டுப் போனார்களாம். ஆப்பிரிக்காக்காரர். கொன்றவர்கள் போய்விட்டார்கள், அவர் இருக்கிறார். கோபம் எதுவும் கிடையாது. மதில்மேல் உட்கார்ந்து சுருட்டுப் பிடிப்பார், வழி தவறியவனுக்கு வழி சொல்வார். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று பார்க்காமல் எல்லோரும் அவருக்குப் புட்டு, அவித்த முட்டை, கள், சுருட்டு வைப்பார்கள். முன்பெல்லாம் அதை எங்கள் படைத் தலைவரும் காக்கைகளும் பங்கிட்டுக்கொண்டது எனக்குத் தெரியும். தலைவர் ஒரு முறை கள்ளைக் குடித்துவிட்டு வாத்தைக் கட்டிப்பிடித்துத் தூங்கினார். ஆனால் கொஞ்ச காலமாகச் சுருட்டும் காணாமல் போய்க்கொண்டிருந்தது. காக்கை சுருட்டுப் பிடிக்காது.

ஆக, மதிலுக்கு வெளியே முத்தப்பன், உள்ளே ஆயா. இந்த வீட்டை வாங்க ஆள் வரவில்லை என்று தரகர் புலம்புவார்.

ஒரு புதன்கிழமை, அப்பா கசாப்புக்காரரை வரச் சொல்லிவிட்டார்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து பிடிச்சுட்டுப் போ. பால் தராத ஆட்டை வச்சு நான் என்ன பூஜையா பண்றது? வேற ஆடு பார்க்கணும், பிள்ளை எலும்பாப் போயிட்டிருக்கான்."

கசாப்புக்காரர் நல்ல மனுஷர். ஆட்டைப் பார்த்துத் தலையாட்டினார். ஆடும் மரியாதைக்குத் தலையாட்டியது. அக்கா என்னைக் கிடங்குக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

"நாளைக்குள்ள கண்டுபிடிக்கலேன்னா ஆட்டை அறுத்துருவாங்க. புரியுதா?"

"அம்மாகிட்ட சொல்லு, வேண்டாம்னு சொல்லச் சொல்லு."

"அம்மா அந்த ஆட்டைத் தொடவே பயப்படறா. பார்க்கலையா நீ?"

மறுநாள் உச்சிவெயிலில் படை புறப்பட்டது. மட்டாஞ்சேரியின் மத்தியானம் தெரியுமா உங்களுக்கு? கிடங்குகளின் பலகைக் கதவுகள் மூடியிருக்கும். சுமைக்காரர்கள் சாக்குகளுக்குள் சாக்காகத் தூங்குவார்கள். மிளகாய்த் தூசி வெயிலில் சிவப்பாக நிற்கும், இறங்காது. அந்திக்குப் பயப்படும் ஊருக்கு இந்த நேரத்துக்கும் பயப்படத் தோன்றாதது ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

முன்னால் ஆடு. பின்னால் நாங்கள். ஆடு ஒரு இடத்திலும் நிற்கவில்லை. யாரோ வரச் சொன்ன நேரத்துக்குப் போகிற மாதிரி நடந்தது. முத்தப்பன் மாடத்தருகே தலைவர் கள் இருக்கிறதா என்று பார்க்க நின்றுவிட்டார். மதிலைச் சுற்றிக் காயல் பக்கம் திரும்பியதும் கான்ஸ்டபிள் வாத்து தண்ணீரில் இறங்கித் தன் சொந்த வேலையைப் பார்க்கப் போனது. பாசி பிடித்த படிக்கட்டில் ஆடு ஏறியது. மேலே ஒரு சின்னக் கதவு. ஆடு அதைக் கொம்பால் தள்ளியது. ஊரே பூட்டியிருப்பதாக நம்பிய வீடு சத்தமில்லாமல் திறந்தது.

அக்கா என் கையைப் பிடித்தாள். பூனை மட்டும் கூட வந்தது.

உள்ளே இருட்டு. படங்கள் மாட்டியிருந்த இடங்கள் சுவரில் வெளிறிய சதுரங்களாகத் தெரிந்தன. உத்தரத்திலிருந்து ஒரு தொட்டில் தொங்கியது. அது மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. ஆடு உரசிக்கொண்டு போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தரையைப் பார்த்ததும்தான் நிஜமாகவே பயந்தேன். தரை பெருக்கியிருந்தது. பேய் வீட்டில் தூசியும் சிலந்தி வலையும் இருக்க வேண்டும் என்பது தொடர்கதை விதி. இங்கே எங்கள் பூனையின் புளிக் கால்தடம்தான் அழுக்கு.

அடுத்த அறையிலிருந்து சத்தம் வந்தது. சர்ர். சர்ர். தகர டின்னில் பால் விழுகிற சத்தம். கூடவே யாரோ வாயை மூடிக்கொண்டு தாலாட்டு முனகுகிற சத்தம். என் நிக்கர் நனைந்தது. இதை நான் நாற்பத்தைந்து வருஷமாக வேர்வை என்று சொல்லி வந்திருக்கிறேன்.

"நில்லுடி ராசாத்தி. கொஞ்சம் பொறு. வாரிவிடறேன்."

அக்காவுக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ. "ஆயா?" என்றாள்.

முனகல் நின்றது. "யாரு? மிளகாய்க்கார வீட்டுப் பிள்ளைங்களா? கிட்ட வராதீங்க மக்களே, பயந்துருவீங்க."

"நீங்க செத்துட்டீங்கதானே?"

"அப்படித்தான் சொல்லிக்கறாங்க."

நான் கால்களைத் தேடினேன். பேய்க்குக் கால் தரையில் படாது. இருட்டு பழகியதும் தெரிந்தது: வெடிப்பு விழுந்த இரண்டு குதிகால், தரையில் அழுந்தப் பதிந்து. "அக்கா, கால் இருக்கு," என்றேன்.

"ரெண்டும் இருக்கு. நடக்கத்தான் ஒத்துழைக்க மாட்டேங்குது," என்றாள் ஆயா. சிரித்தாள். பல் இல்லை. விரலிடுக்கில் பாதிச் சுருட்டு ஒன்று புகைந்துகொண்டிருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "முத்தப்பனுக்கு வைக்கறது. வீணாப் போகுதேன்னு பழகிட்டேன்," என்றாள்.

காய்ச்சல் வார்டில் பக்கத்துக் கட்டில்காரி செத்தாளாம். யாரோ பெயரை மாற்றிச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். காய்ச்சல் விட்டு, பள்ளுருத்தியிலிருந்து நடந்தே வந்தால் முன்வாசலில் பூட்டு. பின்கதவின் தாழ்ப்பாள் அவள் கைக்குத் தெரியும்.

"அன்னிக்கு அந்தியில தையல்காரன் பெண்டாட்டியைப் பார்த்து, குடிக்கத் தண்ணி தா மோளேன்னு கேட்டேன். பொத்துன்னு விழுந்துட்டா. நான்தான் காயல் தண்ணியை முகத்துல தெளிச்சேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தா. மறுபடி விழுந்துட்டா. அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது, நான் செத்துட்டேன்னு."

"வெளியே வாங்க ஆயா. நாங்க எல்லார்கிட்டயும் சொல்றோம், நீங்க சாகலேன்னு."

"வந்து எங்கே போக? உசிரோட ஒருத்தி உள்ளே இருக்கான்னு தெரிஞ்சா தரகர் அன்னிக்கே வெளியே தள்ளுவார். செத்தவளை யாரும் காலி பண்ணச் சொல்ல மாட்டாங்க மக்களே. புட்டும் முட்டையும் வருது. என்ன, பல்லு போனப்புறம் புட்டு தொண்டையில நிக்குது. இவ ஒருநாள் தானா வந்தா. மடி கனத்து நின்னா. யார் வீட்டு ஆடோன்னு கறந்து விட்டேன்."

"எங்க வீட்டு ஆடு. அது எங்க தம்பி குடிக்கற பால்," என்றாள் அக்கா.

ஆயாவின் கை நின்றுவிட்டது. "எந்தத் தம்பி?"

அவளுக்குத் தெரியாது. அவள் செத்தபிறகுதான் தம்பி பிறந்தான்.

"மிளகாய்க்காரம்மாவுக்கு இன்னொண்ணு பிறந்துச்சா? ஆம்பிளையா? நெத்திக்கு யாரு மை வைக்கறா?"

டின்னை எங்கள் பக்கம் தள்ளினாள். அக்கா அதைத் தொடவில்லை. வெள்ளிக்கிழமை விஷயத்தைச் சொன்னாள். ஆடு அறுபடப் போகிறது என்று கேட்டதும் ஆயா ஆட்டின் தாடியைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு எங்களை ஆட்டின் தலையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னாள், அவளைப் பார்த்ததாக யாரிடமும் சொல்வதில்லை என்று.

"நாளைக்கு இவளை எப்பவும் போல அவிழ்த்து விடுங்க. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

"என்ன பண்ணுவீங்க?"

"எனக்கென்ன, செத்தவதானே?" என்றாள்.

வெள்ளிக்கிழமை அந்தி. கசாப்புக்காரர் கயிற்றோடு வந்துவிட்டார். லாரி ஒன்று அப்போதுதான் சரக்கு இறக்கியிருந்தது. சந்து முழுக்கச் செம்புழுதி. தும்மிக்கொண்டே எல்லோரும் நின்றார்கள். தையல்காரர், அவர் பெண்டாட்டி, சாயாக்கடைச் சேட்டன், வீட்டுக்கு ஆள் கிடைக்காத தரகர். அம்மா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில். மற்ற வீட்டு ஆடுகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. எங்கள் ஆடு வரவில்லை.

"அதுக்கே தெரிஞ்சுபோச்சு போல," என்றார் அப்பா.

அப்போது நாய் திடீரென்று படுத்துக்கொண்டது. காதை மடக்கி, வாலைச் சுருட்டி. காயல் பக்கத்திலிருந்து, புழுதிக்குள்ளிருந்து, ஆடு வந்துகொண்டிருந்தது.

கழுத்தில் செம்பருத்தி மாலை. தாடி எண்ணெயில் மின்னியது. நெற்றியில் அந்தப் பொட்டு, இந்த முறை ரூபாய் அகலத்துக்கு. கழுத்துக் கயிற்றில், தாடிக்கு நெருப்பு எட்டாத தூரத்தில், எரிகிற சுருட்டு ஒன்று செருகியிருந்தது. புகை ஆட்டின் முகத்தைச் சுற்றி மேலே போனது. மடி வெடித்துவிடுகிற மாதிரி நிறைந்து, நடக்க நடக்கப் பால் சொட்டித் தரையில் கறுப்பாகப் புள்ளி வைத்துக்கொண்டே வந்தது. தும்மல்கூட நின்றுவிட்டது. எல்லாம் தெரிந்த எனக்கே முதுகுத்தண்டு சில்லிட்டது என்றால் மற்றவர்களை நினைத்துப் பாருங்கள்.

சாயாக்கடைச் சேட்டன் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துக் கணுக்கால்வரை இறக்கிவிட்டார், கோயில் வாசலில் செய்கிற மாதிரி.

"எவனோ விளையாடியிருக்கான்," என்றார் அப்பா. குரல் அவர் சொன்னதை நம்பவில்லை.

"ஆரு? பூட்டிக் கிடக்கற வீட்டிலேருந்தா?" என்றார் தையல்காரர்.

கசாப்புக்காரர் கயிற்றை நிதானமாகச் சுருட்டி இடுப்பில் செருகினார். "மொதலாளி, இது முத்தப்பன்டெ ஆடா. ஞான் தொடூல்லா." முத்தப்பனின் ஆடு, தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். மட்டாஞ்சேரியில் இனி எந்தக் கசாப்புக்காரரும் தொட மாட்டார் என்பது அப்பாவுக்கும் தெரியும்.

அம்மா தம்பியை அக்காவிடம் கொடுத்துவிட்டு, தெருவிலேயே குந்தி, பாலைக் கறந்தாள். முதல் டம்ளரைக் கொண்டுபோய் முத்தப்பன் மாடத்தில் வைத்தாள். இரண்டாவதைத் தம்பி குடித்தான். அன்று ராத்திரி எங்கள் வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கவில்லை.

அதிலிருந்து தினமும் ஒரு டம்ளர் மாடத்துக்கு. காலையில் போய்ப் பார்த்தால் டம்ளர் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும். பாத்திரம் கழுவி வைக்கிற தெய்வத்தை ஆண்கள் யாரும் கேள்வி கேட்கவில்லை. அவர்கள் வீட்டில் பாத்திரம் தானாகக் கழுவப்படுவது வழக்கம்தான்.

மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் மாடத்தில் டம்ளருக்குப் பக்கத்தில் அம்மாவின் பச்சைச் சேலை மடித்து வைத்திருந்ததைப் பார்த்தேன்.

"முத்தப்பன் ஆம்பிளை இல்லையா?" என்று அப்பா கேட்டார்.

"குளிருக்கு ஆம்பிளை பொம்பிளை உண்டா?" என்றாள் அம்மா.

அடுத்து தையல்காரர் பெண்டாட்டி ஒரு ரவிக்கை தைத்து வைத்தாள். அளவு எடுக்காமலே சரியாக இருந்ததாக, நாங்கள் ரகசியமாகப் பார்க்கப் போனபோது ஆயா சொன்னாள். பிறகு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஏதோ ஒன்று வந்தது. இடித்த வெற்றிலை, சோப்பு, தலைவலித் தைலம், பல்லில்லாதவர் தின்னும்படி பாலில் ஊறவைத்த இடியாப்பம். ஆண் சாமிக்குச் சேலை ரவிக்கை சாத்திய சந்து கொச்சியிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். அக்காவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வோம். பெண்களுக்கெல்லாம் தெரிந்துவிட்டது, நம்மைப்போலவே ரகசியம் காக்கிறார்கள் என்று நினைத்தோம். பெரியவர்கள் மேல் எனக்கு மரியாதை பிறந்த ஒரே மழைக்காலம் அது.

ஆயாவுக்கு ஒரே ஒரு குறை. "சேலை வந்ததிலேருந்து சுருட்டை நிறுத்திட்டாங்க மக்களே. எப்படியாவது சொல்ல முடியுமா?"

மழை ஓயும் சமயம் ஒரு காலையில் டம்ளர் பாலோடு அப்படியே இருந்தது. மறுநாளும். அக்காவும் நானும் பின்கதவு வழியாகப் போனோம். தரை பெருக்கியிருந்தது. தொட்டில் இறக்கி மடித்து வைத்திருந்தது. சீப்பு இல்லை, பச்சைச் சேலை இல்லை, ஆயா இல்லை. கீழ்ப்படிவரை தண்ணீர் ஏறியிருந்தது. தோணிக்காரரைக் கேட்டோம், யாரையும் ஏற்றவில்லை என்றார். வேறு தோணி வந்திருக்கலாம். வேறு என்னவும் நடந்திருக்கலாம். இன்றுவரை தெரியாது. சந்துப் பெண்கள் மாடத்தில் விளக்கேற்றி, "அடங்கிட்டா," என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். அந்தச் சொல்லை நான் அன்றைக்குச் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆடு எங்களோடேயே கிழமாகிச் செத்தது. தம்பி இப்போது துபாயில், டாக்டர் இளைக்கச் சொல்லும் எடையில் இருக்கிறான். காயலோரப் பெரிய வீட்டில் இப்போது பழம்பொருள் கடை.

அம்மா இடப்பள்ளியில் அக்காவின் ஃப்ளாட்டில் இருக்கிறாள். போன மாதம் போயிருந்தேன். பக்கத்து மாலில் வாங்கிய சோப்பு ஒன்றைக் காட்டி, "ஆட்டுப்பால்ல செஞ்சதாம்மா," என்றேன்.

"மேலே தேய்க்கவா? நல்லா இருக்கு," என்று அம்மா சிரித்தாள். "நாங்க பேய்க்கே குடிக்கக் கொடுத்தோம்."

"பேய்க்கா? முத்தப்பனுக்குன்னுதானே வச்சே?"

"ஆம்பிளைங்ககிட்ட அப்படிச் சொன்னோம். ஆட்டு நெத்தியில அந்தப் பொட்டைப் பார்த்த அன்னிக்கே எனக்குத் தெரியும். தையல்காரர் வீட்டுக்காரிக்கு முன்னமே தெரியும். ஆஸ்பத்திரியில கிடந்தப்போ ஒரு வாய்க் கஞ்சி கொண்டுபோகலை ஒருத்தியும். நம்ம பிள்ளைங்களையெல்லாம் இடுப்புல தூக்கினவ. அநாதையா எங்கே புதைச்சாங்களோ. அந்த ஆவிதான் பசியில சுத்துதுன்னு நாங்க அஞ்சாறு பேர் பேசி, ஆளுக்கொண்ணா வச்சோம்."

சமையலறை வாசலில் அக்கா தோசைக் கரண்டியோடு நின்றிருந்தாள். ஆட்டின் தலையில் செய்த சத்தியம் ஆட்டோடு காலாவதி ஆகிவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

"அம்மா, அது ஆவி இல்லை. நானும் அக்காவும் அந்த வீட்டுக்குள்ள…"

அம்மா கையைத் தூக்கினாள். சிரிப்பு போய்விட்டது. என்னைப் பார்த்தாள், அக்காவைத் திரும்பிப் பார்த்தாள், அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா சோப்பை என் பக்கமாகத் தள்ளி வைத்தாள்.

"வேண்டாம்டா," என்றாள். "உசிரோட இருந்தாள்னு மட்டும் சொல்லாதே. அந்த மழையில, மதிலுக்கு இந்தப் பக்கம் டம்ளரை வச்சுட்டு, திரும்பிப் பார்க்காம ஓடி வருவேன். உள்ளே இருந்தது உசிரோட ஒருத்தின்னா எனக்குத் தாங்காது. அவ பேயாவே இருக்கட்டும்."